ஆறு உருளைக்கிழங்கு, அஞ்சு பேர்... அப்பாவும் நானும் பேசிக்கொண்ட புயல் நாள்!

"அவகிட்ட சொல்லு, மொட்டைமாடி லைட்டை அணைக்கச் சொல்லி."

இரண்டு வருஷம் நாலு மாசமாக அப்பா என்னிடம் பேசியது இப்படித்தான். நான் ஹாலில் அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். ஆனால், தகவல் போவது சமையலறையில் இருக்கும் அம்மாவுக்கு. அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்து, "கேட்டுச்சா?" என்பார். நானும் சளைத்தவள் இல்லை. "அணைச்சாச்சுன்னு சொல்லும்மா" என்பேன். மூன்று பேர் இருக்கிற வீட்டில் ஒரு தபால் நிலையம். போஸ்ட்மாஸ்டர் அம்மா.

காரணம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. பி.காம் முடித்ததும் நான் வங்கித் தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்பது அப்பாவின் கணக்கு. நானோ 2022-ல் இதழியல் டிப்ளமோவில் சேர்ந்தேன். சேர்ந்த அன்று இரவு சாப்பிடும்போது, "மத்தவங்க வீட்டுக் கதையை எழுதிப் பொழைக்கப் போறியா?" என்று கேட்டார். அதோடு நான் வாயை மூடிக்கொண்டு ரசத்தை ஊற்றியிருக்கலாம். "உங்களை மாதிரி முப்பது வருஷம் மூட்டை எண்ணச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அப்பா, புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு தனியார் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அன்று தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்தவர்தான். சண்டை போடவில்லை, திட்டவில்லை. ஃபீஸ் கட்ட வேண்டிய தேதியில் அம்மா கையில் பணம் இருந்தது. பேச்சு மட்டும் நின்றுவிட்டது.

மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான் என்று எனக்குத் தெரியும். நாள் ஆக ஆக எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. கடைசியில் ஆரம்பித்து வைத்தது ஓர் உருளைக்கிழங்கு. ஒன்று அல்ல, ஆறு.

2,800 ரூபாய் கரி அடுப்பு

2024 அக்டோபரில் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் வார இறுதிச் சமையல் வீடியோக்கள் பற்றிப் பேச்சு வந்தது. 'உருளைக்கிழங்கை அவுட்டோர் கிரில்லில் சுடுவது எப்படி' என்ற தலைப்பை நானே கையைத் தூக்கி வாங்கிக்கொண்டேன். சுடுவதுதானே, அதில் என்ன வித்தை இருக்கப்போகிறது என்ற தைரியம். ஆன்லைனில் 2,800 ரூபாய்க்கு ஒரு கிரில் வாங்கினேன். உருண்டையான இரும்புச் சட்டி, மேலே மூடி, கொக்குபோல மூன்று கால்கள்.

முதலியார்பேட்டையில் எங்கள் வீடு மாடி வீடு. நாங்கள் முதல் தளம், கீழே வாடகைக்கு ஒரு குடும்பம். மொட்டைமாடியில் படி முடிகிற இடத்தில் துணி காயப்போடத் தகர ஷீட் போட்ட கொட்டகை உண்டு. மூன்று பக்கமும் திறப்பு. அங்கேதான் என் ஸ்டூடியோ.

மூட்டைக் கரியில் பாதியைக் கொட்டி, தகதகவென்று எரியும்போதே உருளைக்கிழங்கைக் கம்பிமேல் அடுக்கிவிட்டேன். இருபது நிமிஷத்தில் வெளியே கன்னங்கரேல். வெட்டினால், உள்ளே கத்தி இறங்கவில்லை. தோலுக்கு அடியில் அரை விரல் வெந்திருந்தது, நடுவில் பச்சைக் கிழங்கு கொறகொறவென்று இருந்தது. வீடியோவைப் பார்த்த சீனியர் ஒருவர், "இது உருளைக்கிழங்கா, விண்கல்லா?" என்று கேட்டார். அது வெளியாகவில்லை.

அன்று இரவு தபால் நிலையம் வழியாக எனக்கு ஒரு செய்தி வந்தது. "அவகிட்ட சொல்லு, எங்கம்மா காலத்துல இதுக்குப் பேரு கும்முட்டி அடுப்பு. எடைக்குப் போட்டப்ப முப்பது ரூபா குடுத்தான்."

கிரில், மூடி போட்டு கொட்டகை மூலைக்குப் போனது. மீதிக் கரி ஒரு பிளாஸ்டிக் வாளியில்.

போஸ்ட்மாஸ்டர் லீவு

நவம்பர் கடைசியில் அக்காவின் பிரசவத்துக்காக அம்மா பெங்களூருக்குப் போனார். போகும்போது ஃபிரிட்ஜில் இரண்டு நாள் குழம்பு, டப்பாவில் இட்லிப் பொடி, கூடையில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் ஊமைப்படம் ஓட்டாதீங்க" என்றார். நாங்கள் ஓட்டினோம். "சாப்பாடு மேஜைமேல இருக்கு" என்று அப்பா சுவரிடம் சொல்வார். "நான் அப்புறம் சாப்பிடுறேன்" என்று நான் ஜன்னலிடம் சொல்வேன்.

நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் அன்று இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. கடந்துவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை. பல மணி நேரம் நகராமல் எங்கள் தலைக்குமேலேயே நின்றுகொண்டது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டித் தீர்த்தது. சில பகுதிகளில் வீடுகளில் சிக்கியவர்களை மீட்க ராணுவம் வரவேண்டியிருந்தது. 2011 டிசம்பரில் வந்த தானே புயல் காற்றால் எங்களை அடித்தது என்றால், ஃபெஞ்சல் தண்ணீரால் அடித்தது.

சனிக்கிழமை கரன்ட் போனது. ராத்திரி பால் காய்ச்சும்போது சிலிண்டர் தீர்ந்தது. மாற்றுச் சிலிண்டர் புக் செய்து வைத்திருந்தோம். அந்த மழையில் எங்கே வரும்? பன்னும் பிஸ்கட்டும் தின்று படுத்தோம்.

ஞாயிறு விடிவதற்குள் கீழ் வீட்டில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். அப்பா டார்ச்சோடு இறங்கிப் போய், கீழ் வீட்டு அக்காவையும் அவர் மாமியாரையும் நாலாவது படிக்கும் பையனையும் மேலே கூட்டிவந்தார். அக்காவின் கணவர் வேலைக்காகச் சென்னையில் மாட்டிக்கொண்டார். அவர்கள் வீட்டில் கேஸ் கிடையாது, இண்டக்‌ஷன் அடுப்புதான். கரன்ட் இல்லாமல் அது வெறும் பலகை.

மதியம் வரை எங்களிடம் இருந்த பிஸ்கட்டைப் பையனுக்குக் கொடுத்தோம். மூன்று மணிக்கு அவன், "அம்மா, பசிக்குது" என்று மெதுவாகச் சொன்னான். அந்தப் பாட்டி, "அடுத்தவங்க வீட்டுல வந்து பசிக்குதுன்னு சொல்லக் கூடாதுடா" என்று அவனை அதட்டினார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அப்பா எழுந்தார். கூடையைத் தரையில் கவிழ்த்தார். உருளைக்கிழங்குகளை ஒவ்வொன்றாக வரிசையாக வைத்தார். ஸ்டோர் கீப்பர் அல்லவா, எண்ணினார்.

"ஆறு இருக்கு. அஞ்சு பேர்." சற்று நிறுத்தினார். சுவரைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "உன் அடுப்புல கரி இருக்கா, பாப்பா?"

குடைக்கம்பியும் கோணி ஊசியும்

சோறு வடிக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நாங்களும் நினைத்தோம். என் கிரில்லின் கொக்குக் கால்கள், அஞ்சு பேருக்கு உலை வைக்கிற பாத்திரத்தைத் தாங்காது. கிழங்குதான் வழி.

வாளியில் கரி இரண்டு கிலோ போல இருந்தது. மேலே இருந்தது நமுத்துப்போயிருந்தது. அப்பா அடியில் இருந்த காய்ந்த கரியை மட்டும் பொறுக்கினார். எல்லாம் சீமைக்கருவேலங்கரி. ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் இந்த மரத்தை மூட்டம் போட்டுக் கரியாக்குவது பலருக்குப் பிழைப்பு. நமுத்த கரியைப் பக்கத்தில் பரப்பி, "சூடு பட்டுக் காயட்டும், அப்புறம் வேணும்" என்றார்.

நான் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று கேட்டேன். "கிழங்கு முழுக்க அந்த நாத்தம்தான் அடிக்கும்" என்றார். பூஜை அலமாரியில் இருந்து நாலு சூடம் எடுத்துவந்தார். அம்மா சேர்த்து வைத்திருந்த கொட்டாங்குச்சியைத் தட்டி உடைத்து, கூடு மாதிரி அடுக்கி, நடுவில் சூடத்தை வைத்துக் கொளுத்தினார். அதன்மேல் கரியைக் கோபுரமாகக் குவித்தார். நான் சாரல் படாமல் ஒரு முறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கரி பிடித்ததும் கிழங்கை எடுத்தேன். "வை" என்று சொல்வார் என்று நினைத்தேன். "எதுக்கு அவசரம்?" என்றார். "போன தடவை அதான நீ பண்ண தப்பு. கரி கறுப்பா இருக்கறப்ப அது அடுப்பு இல்ல, நெருப்பு. மேல வெள்ளையா சாம்பல் பூக்கணும். அப்பதான் அது தணல்."

என் கறுத்துப்போன விண்கல்லை அவர் கவனித்திருக்கிறார்!

அரை மணி நேரத்தில் கரி பூத்தது. அப்பா ஒரு கரண்டியால் தணல் முழுவதையும் சட்டியின் ஒரு பக்கமாக ஒதுக்கினார். மறு பக்கம் காலி. கிழங்குகளைக் காலியான பக்கத்தின்மேல் அடுக்கினார். நேருக்கு நேர் தணல் இல்லை; மூடி போட்டால் உள்ளே சுற்றிவரும் சூட்டில் வேக வேண்டும்.

கழுவித் துடைத்த கிழங்குகளில் கோணி ஊசியால் ஏழெட்டு இடத்தில் குத்தினார், உள்ளே உருவாகும் ஆவி வெளியேற. நல்லெண்ணெய் தடவி, கல் உப்பைப் பொடித்துப் பூசினோம். நான் அலுமினியம் ஃபாயிலை எடுத்துவந்தேன். வீடியோக்களில் எல்லாரும் சுற்றுகிறார்களே!

"போர்வை போத்தினா அது அவியும், சுடாது" என்றார் அப்பா.

"நனையாம இருக்கும்ல?"

"சரி, உனக்கு மூணு, எனக்கு மூணு. பாப்போம்."

மூன்று கிழங்கு ஃபாயிலில், மூன்று வெறுமனே. மூடியைப் போட்டார். நான் இரண்டு நிமிஷத்தில் திறந்து பார்க்கப்போனேன். கையைத் தட்டிவிட்டார். "ஒவ்வொரு தடவை தொறக்கறப்பவும் பத்து நிமிஷ சூடு போகுது. உக்காரு."

உட்கார்ந்தேன். புயலில் முறிந்துபோன குடை ஒன்று மூலையில் கிடந்தது. அதன் கம்பி ஒன்றை உருவி, தேய்த்துக் கழுவி, தணலில் காட்டித் துடைத்து வைத்துக்கொண்டார். "எங்கப்பா சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி வெச்சிருப்பார், வெந்துதான்னு குத்திப் பாக்க."

தாத்தா கிழங்கு சுட்டாரா? இருபத்து நாலு வருஷமாக எனக்கு இது தெரியாது.

பிஸ்கட் டின்னில் தாத்தா

முதலியார்பேட்டை ஒரு மில்காரர்களின் ஊர். பெரியவர்கள் 'ரோடியர் மில்' என்று சொல்லும் ஏ.எஃப்.டி. ஆலை 1898-ல் தொடங்கியது. 2020-ல் மூடப்பட்டது. எட்டு மணி நேர வேலைக்காகப் போராடி, 1936 ஜூலை 30 அன்று 12 தொழிலாளர்கள் துப்பாக்கிச்சூட்டில் உயிர்விட்ட வரலாறு புதுச்சேரிக்கு உண்டு. மில் சங்கு ஊதுவதை வைத்துத்தான் ஒருகாலத்தில் இங்கே உலை வைப்பார்களாம். தாத்தா அந்தத் தலைமுறைக்கு அடுத்து வந்த மில் தொழிலாளி. பாய்லர் பக்கம் வேலை என்பது வரைதான் எனக்குத் தெரியும்.

தகர ஷீட்டில் மழை தாளம் போட்டுக்கொண்டிருக்க, அப்பா தணலைப் பார்த்தபடியே சொன்னார். தாத்தா ஒரு பழைய பிஸ்கட் டின்னில் பாதிக்கு மணல் போட்டு, அதற்குள் கிழங்கைப் புதைத்து மூடி, வெளியே தள்ளிய சூட்டுச் சாம்பலில் வைத்துவிடுவாராம். ஷிஃப்ட் முடியும்போது கிழங்கு வெந்திருக்கும். தூக்குவாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். மற்ற நாள்களில் சர்க்கரைவள்ளி. சம்பள நாளில் மட்டும் உருளைக்கிழங்கு.

"வீட்ல நாங்க அஞ்சு பசங்க. தூக்குல மூணு கிழங்கு இருக்கும். நான் பெரியவன். நான்தான் பங்கு வைப்பேன்."

"மூணை எப்படி அஞ்சாக்குவீங்க?"

"ஒரு கிழங்குல பாதி பாதி. ரெண்டு கிழங்கு நாலு பேருக்கு. மூணாவது அப்பா அம்மாவுக்கு."

"அப்ப உங்களுக்கு?"

"தோலு. எல்லார்தும்."

எனக்குத் தொண்டை அடைத்தது. உருளைக்கிழங்கு வறுவல் என்றால்கூட அப்பா தோலைச் சீவ விடமாட்டார். 'மண்ணைத் திங்கிற மனுஷன்' என்று அம்மா கிண்டல் செய்வார். இவ்வளவு நாள் அது பிடிவாதம் என்று நினைத்திருந்தேன்.

"அதனாலதான் இன்னும் தோலோட சாப்பிடுறீங்களா?"

அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சீச்சீ, சினிமா மாதிரி ஆக்காதே. நெஜமாவே தோல்தான் ருசி. தம்பிங்க ஏமாளிங்க, அவங்களுக்குத் தெரியல."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். இரண்டு வருஷத்தில் முதல் முறை. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. இல்லையென்றால் எப்போதும் கேட்க மாட்டேன்.

"அப்பா, அன்னிக்கு மூட்டை எண்றதுன்னு சொன்னேன்ல..."

குடைக்கம்பியால் தணலைக் கிளறினார். "எண்ணத் தெரியாதவன் ஸ்டோர்ல இருந்தா கம்பெனி என்ன ஆகும்? ஒரு மூட்டை குறைஞ்சா யார் பதில் சொல்றது?"

"தப்புதான்பா."

"நானும் ஒண்ணு சொன்னேன்ல, மத்தவங்க வீட்டுக் கதைன்னு." கொஞ்சம் நேரம் மழையைப் பார்த்தார். "நீ எழுதறதெல்லாம் படிக்கிறேன்."

"என் பேர்ல நாலஞ்சுதானே வந்திருக்கு?"

"பேர் போடாததும் தெரியும். ஒரே கட்டுரையில நாலு தடவை 'அதேசமயம்', 'அதேசமயம்'னு வந்தா அது நீ எழுதினது. எண்ணி வெச்சிருக்கேன்."

மூட்டை எண்ணுகிறவர் என்று நான் சொன்ன மனிதர், என் வார்த்தைகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. "அரை மணி ஆச்சு, திருப்பி வைக்கலாம் வா" என்று மூடியைத் திறந்தார்.

ஆறாவது கிழங்கு

திருப்பிவிட்டு, காய்ந்திருந்த மீதிக் கரியைத் தணலில் சேர்த்தோம். மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு ஐந்து நிமிஷம் குறைவு. குடைக்கம்பியைக் குத்தினார். வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. "ஆச்சு."

கீழ் வீட்டு அக்காவும் பாட்டியும் பையனும் மேலே வந்தார்கள். மெழுகுவத்தி காற்றில் நிற்கவில்லை. தணல் வெளிச்சமே போதுமாக இருந்தது. கிழங்கைக் கத்தியால் அறுக்காமல், நடுவில் கீறி இரண்டு பக்கமும் கையால் அழுத்தச் சொன்னார் அப்பா. ஆவி குப்பென்று வெளியேறி, உள்ளே மாவு பஞ்சுபோல மலர்ந்தது. வெண்ணெய் இல்லை, சீஸ் இல்லை. அம்மாவின் இட்லிப் பொடி, மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய்.

போட்டியின் முடிவைச் சொல்லிவிடுகிறேன். என் ஃபாயில் கிழங்கு உள்ளே நன்றாக, ஈரமாக, மெத்தென்று வெந்திருந்தது. தோல் மட்டும் நனைந்த காகிதம். பாட்டிக்குப் பல் இல்லாததால் அதைத்தான் விரும்பிச் சாப்பிட்டார். அப்பாவின் கிழங்கில் தோல் அப்பளம்போல மொறுமொறு. உப்பும் புகை வாசனையும் ஏறி, உள்ளே பொலபொலவென்று உதிர்ந்தது. அப்பா என்னுடையதை ஒரு வாய் தின்று, "இது இட்லி" என்றார்.

ஆறாவது கிழங்கை எப்படிப் பங்கு வைப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். யோசிக்கவே இல்லை. பையன் தட்டில் வைத்தார். பாட்டி தடுக்கப்போக, "கணக்குல ஒண்ணு அதிகமா இருக்கும்மா, நான் எங்க கொண்டுபோய் எழுதறது?" என்றார்.

நான் என் கிழங்கின் தோலைக் கடித்துப் பார்த்தேன். தம்பிகள் ஏமாளிகள்தான்.

கோபம் தீர 24 வருஷம்

கரன்ட் வந்து, நெட் வந்து, வேலைக்குத் திரும்பியதும் உருளைக்கிழங்கைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் ஆயிரக்கணக்கான வருஷங்களாக விளைந்த கிழங்கு. ஐரோப்பாவுக்கு அதை ஸ்பானியர்கள் கொண்டுபோனார்கள். நம் நீலகிரியில் 19-ம் நூற்றாண்டில் பிரிட்டிஷ்காரர்கள் காலத்தில் வேரூன்றியது. இன்றும் ஊட்டிக் கிழங்கு ஏலம் போவது மேட்டுப்பாளையத்தில். அப்பா வேலை பார்க்கும் மேட்டுப்பாளையம் அல்ல, கோவைக்குப் பக்கத்தில் இருக்கும் மேட்டுப்பாளையம்!

என்னை நிறுத்திய தகவல், நம் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களைப் பற்றியது. உருளைக்கிழங்கு தொழுநோயைத் தரும் என்று பயந்து, 1748-ல் பிரான்ஸில் அதைப் பயிரிடத் தடை போட்டார்கள். மாட்டுக்கும் பன்றிக்கும் போடுகிற தீனி என்றுதான் அங்கே அதற்கு மரியாதை. அந்துவான் பார்மான்டியே என்ற மருந்தாளர், போரில் பிரஷ்யர்களிடம் கைதியாகச் சிக்கியபோது சிறையில் அந்தக் கிழங்கைத் தின்று உயிரோடும் ஆரோக்கியத்தோடும் திரும்பினார். அவர் விடாமல் வாதாடிய பிறகு, 1772-ல் பாரிஸ் மருத்துவர்கள் அது சாப்பிடத் தகுந்ததுதான் என்று சொன்னார்கள். இன்று பாரிஸில் அவர் பெயரில் மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறது. அவர் கல்லறைமேல் மக்கள் பூவுக்குப் பதில் உருளைக்கிழங்கு வைத்துவிட்டுப் போகிறார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கிற பிள்ளைகளைக் கேட்டால் கிழங்கின் பெயரைச் சொல்வார்கள்: 'பொம் த தேர்', மண்ணின் ஆப்பிள்.

ஒரு கிழங்கின்மேல் இருந்த கோபம் தீர 24 வருஷம். எங்கள் வீட்டில் இரண்டு வருஷம் நாலு மாசம்தான்.

நீங்களும் சுட்டுப் பார்க்க...

அப்பாவின் முறையோடு, நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத் தருகிறேன்.

* கிழங்கு: ஒரே அளவில், 150 முதல் 200 கிராம் வரை உள்ள முற்றிய கிழங்குகளாக எடுங்கள். தோல் உரியும் புதுக் கிழங்கு பொலபொலப்பாக வராது. பச்சை நிறம் படர்ந்த கிழங்கில் சோலனைன் என்ற நச்சு சேர்ந்திருக்கும், தவிர்த்துவிடுங்கள்.

* ஃபிரிட்ஜ் வேண்டாம்: குளிரில் கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். சுடும்போது சீக்கிரம் கறுத்துவிடும். காற்றோட்டமான கூடையே போதும்.

* தணல்: கரியின்மேல் வெள்ளைச் சாம்பல் பூக்கும்வரை அரை மணி நேரம் காத்திருங்கள். பிறகு ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். கிழங்கு மறு பக்கம்.

* ஏன் நேரடி நெருப்பு கூடாது? கிழங்கில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். சூடு உள்ளே நிதானமாகத்தான் போகும். நெருப்பு அதிகமானால் நடுப்பகுதி வேகும் முன்னே தோல் கரிந்துவிடும்.

* நேரம்: மூடி போட்டு 50 நிமிஷம் முதல் ஒரு மணி நேரம். நடுவில் ஒரே ஒரு முறை திறந்து திருப்புங்கள். சுத்தமான கம்பியோ கத்தி முனையோ தடையில்லாமல் இறங்கினால் வெந்தது.

* ஃபாயில்: மெத்தென்று வேண்டுமானால் சுற்றுங்கள், மொறுமொறு தோல் வேண்டுமானால் சுற்றாதீர்கள். சுற்றினால், சுட்ட உடனே பிரித்துவிடுங்கள். ஃபாயிலோடு வெளியிலேயே வைத்து மறுநாள் சாப்பிடவே கூடாது. காற்று புகாத அந்தக் கதகதப்பில் பாட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் பாக்டீரியா வளரலாம். 1994-ல் அமெரிக்காவின் எல் பாசோ நகரில், இப்படி வைத்திருந்த கிழங்கில் செய்த உணவைச் சாப்பிட்ட 30 பேர் பாதிக்கப்பட்டார்கள்.

* இடம்: மழையோ குளிரோ, கரி அடுப்பை அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். கரிப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். மொட்டைமாடி, முற்றம், திறந்த கொட்டகை... காற்று தாராளமாக ஓடுகிற இடம் மட்டும். முடிந்ததும் தணலை முழுசாக அணைத்துவிட்டு இறங்குங்கள்.

* மேலே போட: வெண்ணெயும் மிளகும் போடலாம். கெட்டித் தயிரில் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து போட்டுச் சாப்பிடலாம். எங்கள் வீட்டு ஓட்டு, இட்லிப் பொடிக்கும் நல்லெண்ணெய்க்கும்.

போஸ்ட்மாஸ்டர் திரும்பினார்

பேத்தியைப் பார்த்துவிட்டு அம்மா வந்தது டிசம்பர் கடைசியில். வந்ததும் வராததுமாக, "என்ன, ஊமைப்படம் எப்படி ஓடுச்சு?" என்றார். நாங்கள் எதுவும் சொல்லவில்லை. கீழ் வீட்டுப் பையன்தான் புயலன்று இரண்டு கிழங்கு தின்ற பெருமையைச் சொல்லியிருக்கிறான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா பெரிய மார்க்கெட்டுக்குப் போய் வந்தார். ஹாலில் பையைக் கவிழ்த்து, வழக்கம்போல வரிசை கட்டி எண்ணினார். எல்லாம் செம்மண் ஒட்டிய ஊட்டிக் கிழங்கு. ஒரே சைஸ்.

"கரி தீர்ந்துபோச்சா, இன்னும் இருக்கா?" என்றார்.

சமையலறையில் இருந்து அம்மா, கையில் கரண்டியோடு பழக்கதோஷத்தில் எட்டிப் பார்த்தார். "அப்பா கேக்கறார், கரி..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். அப்பா அம்மாவைப் பார்த்துக் கேட்கவில்லை. என் எதிரில், என்னைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அரை மூட்டை இருக்குப்பா" என்றேன்.

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், இட்லிப் பொடி டப்பாவை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார்.